இறுகிக் கிடக்கும் 1961 புல்லட் இன்ஜினைப் பிரித்துக் கட்ட முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: தாத்தா ஓட்டிய 1961 மாடல் புல்லட் 350, பதினான்கு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. கிக்கர் கொஞ்சமும் இறங்கவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் "இத நோண்டாதீங்க, வேற இன்ஜின் இறக்கிடலாம்" என்கிறார். இந்த இன்ஜினையே பிரித்துக் கட்ட முடியுமா, நானே செய்யலாமா, எங்கே தொடங்குவது?

முடியும் தம்பி. பெரும்பகுதி வேலையை நீங்களே செய்யலாம், இரண்டை மட்டும் வெளியே கொடுத்தே ஆகவேண்டும், அவை எவை என்று போகப்போகச் சொல்கிறேன். வேறு இன்ஜின் இறக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பர் வேறு, வண்டியில் இருக்கும் நம்பர் வேறு என்றானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். அது ஒருபக்கம் இருக்கட்டும், தாத்தாவின் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டால் தாத்தா வண்டி என்று சொல்ல மிச்சம் இருப்பது டேங்கும் மட்கார்டும்தானே.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த இன்ஜின். 1948 பிப்ரவரியில் கோல்மோர் கோப்பைப் போட்டியில் தலைகாட்டி, 1949ல் விற்பனைக்கு வந்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து எனஃபீல்டு இந்தியா தொடங்கினார்கள், ஆரம்பத்தில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி விற்றார்கள், அப்புறம் திருவொற்றியூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் இங்கே அதே வார்ப்பிரும்பு பேரல் (பிஸ்டன் ஓடும் உருளை) இன்ஜின் 2000க்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. இதனால் உங்களுக்கு ஒரு லாபம். பழைய டிரையம்ப், பி.எஸ்.ஏ. வைத்திருப்பவர்கள் ஒரு புஷ்ஷுக்குக் கடல் கடந்து எழுதிப்போட்டுக் காத்திருக்கும்போது, நீங்கள் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு நாள் நடந்தால் பாதி சாமான் கிடைத்துவிடும். ஆனால் கடைக்காரர் "எல்லா புல்லட்டுக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிக் கொடுப்பது அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்து, காலிப்பரால் அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளை, 70 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. போரைவிட ஸ்ட்ரோக் நீளம், ஃப்ளைவீல் ஆளைக் கொல்லும் கனம். மெதுவாகச் சுற்றி இழுக்கும் ஜாதி இது. அதனால் கொஞ்சம் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும், எண்ணெய் விஷயத்தில் மட்டும் பொறுக்காது.

சரி, இறுகிய இன்ஜின். கிக்கர் மேல் ஏறி நின்று குதிக்காதீர்கள், கிக்கர் பல் உடைந்தால் கியர்பாக்ஸும் சேர்ந்து பிரிக்கும் வேலையாகிவிடும். கிளட்ச் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அமுக்கிப் பாருங்கள். இறங்கினால் இறுகியிருப்பது இன்ஜின் மட்டும்தான். அப்போதும் இறங்காவிட்டால் கிளட்ச் பிளேட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கலாம், அல்லது கிக்கர் பல்லே சிக்கியிருக்கலாம். அப்புறம் பிளக்கைக் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும்) எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து அரை டம்ளர் ஊற்றிவிட்டு நான்கைந்து நாள் மறந்துவிடுங்கள். நடுவில் கை சும்மா இருக்காது, தெரியும், கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருங்கள். பிறகு டாப் கியரில் போட்டு பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட வேண்டும், அசைந்தால் போதும். ஒரு வாரம் ஆகியும் அசையவில்லையா, பரவாயில்லை, பேரலின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்துக்கொள்ளலாம். ஒருவேளை ஊறியதும் கழன்றுவிட்டது என்றால் அந்தச் சந்தோஷத்தில் ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள். போரில் துரு பிடித்த இடத்தில் ரிங் ஓடினால் துருவோடு போரும் போகும், மெயின் பேரிங்கில் துரு இருந்தால் அது உதிர்ந்து எண்ணெயோடு எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். பதினான்கு வருடம் நின்ற இன்ஜினுக்கு முழுசாகப் பிரிப்பதுதான் வழி.

ஸ்பானர் விஷயம். உங்கள் வீட்டு மில்லிமீட்டர் செட்டை எடுத்துக்கொண்டு போய் நட்டுகளின் முனையை உருட்டிவிடாதீர்கள். இது விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து மரை அளவு காலத்து வண்டி. அந்த ஸ்பானரில் போட்டிருக்கும் எண் வாயின் அகலம் இல்லை, அது பிடிக்கும் போல்ட்டின் விட்டம், அதனால் கால் இஞ்ச் என்று போட்டிருக்கும் ஸ்பானரின் வாய் அரை இஞ்சுக்கும் கொஞ்சம் மேல் இருக்கும், முதல் தடவை எல்லோரும் குழம்புவார்கள். புதுப்பேட்டையில் பழைய இங்கிலாந்து ஸ்பானர்கள் இன்னும் கிடைக்கின்றன, புதிதாக வாங்கும் மட்டரக செட்டைவிட அது பல மடங்கு மேல். மரை கெட்டுப்போன இடத்தில் "மெட்ரிக் போல்ட் ஏத்திடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் 60. ஏறுகிற மாதிரி ஏறும், இறுக்கும்போது அலுமினியத்தைப் பிய்த்துக்கொண்டு வரும்.

மேல்பாகம் சுலபம். டேங்கை இறக்கி, ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாய்களைக் கழற்றி, வால்வை அமுக்கும் ராக்கர்களையும் அவற்றைத் தள்ளும் புஷ் ராடுகளையும் எது எந்தப் பக்கம் என்று எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள். ஹெட் வந்துவிடும். பேரல் வராது. அங்கேதான் நிறையப் பேர் சுத்தியலை எடுப்பார்கள், சூட்டை ஆற்றும் ஃபின் தகடு இரண்டு உடையும். பேரலின் வலப்பக்கம் டேப்பட் மூடி இருக்கிறதே, அதற்குள்ளே ஒரு நட்டு ஒளிந்திருக்கிறது. மெல்லிய ஸ்பானர் ஒன்றைத் தேய்த்து இன்னும் மெல்லியதாக்கி உள்ளே விட்டுத்தான் அதைக் கழற்ற வேண்டும். அது கழன்றால் பேரல் தானாக மேலே வரும்.

இனி அளக்க வேண்டும். போரின் மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசையில், மொத்தம் ஆறு அளவு. போர் கேஜ் இல்லையென்றால் லேத்காரரிடம் கொண்டுபோய்க் கண்முன்னே அளக்கச் சொல்லி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். துருக்குழி நகத்தில் தட்டினாலோ, ஆறு அளவும் ஒன்றுக்கொன்று ஆறேழு தவ் வித்தியாசப்பட்டாலோ போர் போட்டே ஆகவேண்டும், அதாவது துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கடைய வேண்டும் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பட்டறை மொழியில் தவ்). வெளியே கொடுக்க வேண்டியது என்று சொன்னேனே, அதில் முதலாவது இதுதான். பிஸ்டன் 20, 40, 60 தவ் ஓவர்சைஸில் கிடைக்கும். பிஸ்டனை முதலில் வாங்கி, அந்தப் பிஸ்டனையே அளந்து, அதற்குத் தக்கபடி போர் போடச் சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பிப் போரை முதலில் போட்டுவிட்டுப் பிஸ்டனைத் தேடக்கூடாது.

எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில் நான் ஒரு தடவை வாங்கிய அடியைச் சொல்கிறேன். என் முதல் புல்லட்டுக்குப் போர் போட்டுக் கொடுத்தவர் நல்ல வேலைக்காரர், கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுத்தார், ஆனால் இந்தக் காலத்து அலுமினிய பேரல் வண்டிகளுக்கு விடும் கணக்கில் 2 தவ் மட்டும் விட்டிருந்தார். நான் அளக்கவில்லை. பிஸ்டன் சத்தமே இல்லை, பூனை மாதிரி ஓடியது, ஊரெல்லாம் பெருமை அடித்தேன். மூன்றாம் நாள் திண்டிவனம் தாண்டி அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி வண்டி தயங்கியது, என்னவென்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் நான்கு மூலையிலும் ஈயம் பூசினாற்போல் உரசல். வார்ப்பிரும்பு பேரல் சூட்டை மெதுவாகத்தான் வெளியேற்றும், உள்ளே அலுமினியப் பிஸ்டன் அதைவிட வேகமாக வீங்கும். அதிலிருந்து 4 தவ்வுக்குக் குறைந்து நான் விடுவதில்லை. பிஸ்டன் கம்பெனிக்காரர் அதற்குமேல் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. குளிர்ந்த இன்ஜினில் லேசாக டக்டக் என்று பிஸ்டன் தட்டும், சூடானதும் அடங்கிவிடும், அது நோய் இல்லை. ரிங்கைப் போருக்குள் வெறுமனே நுழைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக நிறுத்தி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 11 தவ் சுற்றி இருந்தால் போதும்.

ஹெட்டில் வால்வு கைடு ஆட்டம், சீட் தேய்வு பார்த்து, தேவையானால் கைடு மாற்றி சீட் வெட்டி லேப்பிங் செய்து (வால்வைச் சீட்டில் பேஸ்ட் வைத்துத் தேய்த்து), பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தால் முடிந்தது. இதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

இனி அடிப்பாகம். இடப்பக்க பிரைமரி கவரை நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது, பத்து ஸ்க்ரூ தேடாதீர்கள். உள்ளே ஆல்டர்னேட்டர், இரட்டைச் செயின், கிளட்ச். கிளட்ச் மையத்தை எடுக்கப் புல்லர் வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பின்னால் இருக்கும் கேஸ் விரியும். வலப்பக்கம் டைமிங் கவரைத் திறந்தால் பல்சக்கரங்கள், அதற்குக் கீழே கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) முனையில் திருகு மாதிரி மரையோடு ஒரு நட்டு. ஆயில் பம்பைச் சுற்றுவது அதுதான். அதற்கு இடக்கை மரை, அதாவது கழற்ற வேண்டுமானால் வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பெரிய ராடு போட்டு இடப்பக்கம் இறுக்கி இறுக்கி உடைத்த இன்ஜின் இரண்டை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கேஸைப் பிரித்ததும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் நேராக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நேர்த்திசையில் கையில் தட்டுப்பட்டால் பிக் எண்ட், அதாவது ராடு கிராங்கோடு சேரும் கீழ்முனை பேரிங், போய்விட்டது. உங்கள் வண்டி காலத்துப் புல்லட்டில் பிக் எண்டுக்கு ரோலர் கிடையாது. உள்ளும் புறமும் வெள்ளை உலோகம் பூசிய எஃகு புஷ் ஒன்று, கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் நடுவில் இரண்டிலும் ஒட்டாமல் எண்ணெயில் மிதந்துகொண்டே சுற்றும். அருமையான யோசனைதான், ஆனால் எண்ணெய் கொஞ்ச நேரம் வராவிட்டால் கதை முடிந்தது. புஷ் மாற்ற இரண்டு ஃப்ளைவீலையும் பிரித்து, மறுபடி சேர்த்து, லேத்தின் இரண்டு சென்டர் முனைகளுக்கு நடுவில் வைத்து டயல் கேஜால் நேர் பார்க்க வேண்டும். வெளியே கொடுக்க வேண்டிய இரண்டாவது வேலை இது. கொடுக்கும் இடத்தில் டயல் கேஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். "கண்ணுலயே பாத்துருவோம் சார்" என்றால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வாங்கும்போது உங்கள் முன்னால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், முள் 2 தவ்வுக்குமேல் ஆடினால் நான் வாங்க மாட்டேன். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். குரோம் பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் வைத்திருக்கும் பணத்தை எடுத்து இங்கே போடுங்கள், டேங்க் அடுத்த வருடம் பளபளக்கட்டும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம், இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகக் கட்டிய இன்ஜின்கூட இரண்டே மாதத்தில் தட்ட ஆரம்பிப்பது பெரும்பாலும் இங்கேதான். டைமிங் கவரைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். கிராங்க் முனை வந்து நுழையும் இடத்தில், சட்டைப் பித்தான் அளவுக்கு, கறுத்துப்போன ஒரு கார்க் வளையம் இருக்கும். பம்பு தள்ளும் எண்ணெய் இந்த வளையத்தின் நடு ஓட்டை வழியாகத்தான் கிராங்குக்குள் போய், அங்கிருந்து பிக் எண்டை அடைகிறது. கார்க் காய்ந்து சுருங்கிவிட்டால் எண்ணெய் ஓரமாக நழுவி டைமிங் கேஸுக்குள்ளேயே கொட்டிவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ஆயில் அளவும் குறையாது, எச்சரிக்கை விளக்கு இந்த வண்டியில் கிடையவே கிடையாது. பிக் எண்ட் தட்டும்போதுதான் உங்களுக்குச் சேதி வரும். அந்தக் கார்க் விலை ஒரு டீ, வடை கணக்குதான். கவரை எப்போது கழற்றினாலும் புதிது போடுங்கள், போடுமுன் ஒரு இரவு எண்ணெயில் ஊறவிடுங்கள்.

பம்பு இரண்டு, ஒன்று அனுப்புவது, ஒன்று திரும்ப எடுப்பது. ஸ்பிரிங் அழுத்தத்தில் வட்டத்தட்டுகள் கேஸின் முகத்தோடு ஒட்டி ஆடுகின்றன, அந்த முகத்தில் கோடு விழுந்திருந்தால் மிக நைசான கிரைண்டிங் பேஸ்ட் வைத்து எட்டு வடிவில் தேய்த்துச் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக வரும்வரை விடக்கூடாது. பிறகு மண்ணெண்ணெயில் இரண்டு தடவை, சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை கழுவுங்கள், பேஸ்ட் ஒரு துளி தங்கினாலும் அது பம்பைத் தின்றுகொண்டே இருக்கும். எண்ணெய்த் தொட்டி இந்த இன்ஜினில் தனியாக இல்லை, கிராங்க் கேஸின் பின்பகுதியே தொட்டி. பதினான்கு வருட வண்டல் அடியில் அல்வா மாதிரி படிந்திருக்கும், விரலை விட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லா எண்ணெய்த் துளைகளிலும் காற்று அடித்து, இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் விரலில் படுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூச்சுவிடும் ரப்பர் வால்வு கல்லாகியிருக்கும், அதையும் மாற்றுங்கள். உள்ளே காற்றழுத்தம் அடைபட்டால் எந்த பேக்கிங்கும் தாங்காது, அப்புறம் புல்லட் என்றாலே ஒழுகும் என்று பழி போடுவார்கள்.

திரும்பக் கட்டும்போது மெயின் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். கேஸைச் சூடாக்குங்கள், பேரிங்கை இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடு எவ்வளவு என்று கேட்டால், தோசைக்கல் பதம்தான். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓட வேண்டும். அந்தப் பதத்தில் பேரிங் கையாலேயே டொக்கென்று போய் உட்காரும். டைமிங் பல்சக்கரங்களில் புள்ளியும் கோடுமாகக் குறி இருக்கும், பிரிக்குமுன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தால் தலைவலி இல்லை. பேக்கிங்குக்குக் கோந்தை அப்பாதீர்கள், பிதுங்கும் கோந்து உள்ளே போய் அடைக்கும் முதல் இடம் எண்ணெய்த் துளை. டேப்பட் இடைவெளி இந்த இன்ஜினுக்குக் குளிரில் பூஜ்யம்: பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது புஷ் ராடு இரண்டு விரலில் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. பாயிண்ட் (திறக்கும்போது பிளக்கில் பொறி விழவைக்கும் தொடுமுனை) இடைவெளி 15 தவ். இக்னிஷன் முழு ரிடார்டில் (பொறி மிகப் பிந்தி விழும் நிலையில்) பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும்.

புது எண்ணெய் 20டபிள்யூ-50 ஊற்றி, பிளக் இல்லாமல் நாற்பது ஐம்பது கிக் சும்மா அடியுங்கள், கால் வலிக்கட்டும். அப்புறம் பிளக் போட்டு, சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அமுக்கிக்கொண்டே அம்மீட்டரைக் கவனியுங்கள். மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும் முள் நடுவுக்குத் துள்ளினால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். டீகம்ப்ரஷரை (கம்ப்ரஷன் காற்றை வெளியே விடும் லிவர்) பிடித்து ஒரு விரல்கடை தாண்டவிட்டு, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. தாத்தா இதை யோசிக்காமலே செய்திருப்பார். ஓட ஆரம்பித்ததும் ரசித்துக்கொண்டு நிற்காமல் டைமிங் கவரில் இருக்கும் ஃபீட் பிளக்கையும் ராக்கர் குழாய் போல்ட்டையும் கொஞ்சமே தளர்த்திப் பாருங்கள், இரண்டிலும் எண்ணெய் கசிய வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் யோசிக்காமல் அணைத்துவிடுங்கள்.

ஓட்டத் தொடங்கிய பிறகு வாரக்கணக்கில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது நீலப்புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் போய்விட்டது என்று பதறாதீர்கள். நின்ற நேரத்தில் தொட்டி எண்ணெய் பம்பு வழியாகக் கிராங்குக்குள் இறங்கியிருக்கும், சில நிமிடத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும். முதல் 800 கிலோமீட்டருக்கு 50ஐத் தாண்ட வேண்டாம், ஆனால் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டும் போக வேண்டாம், ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் படியும். முதல் எண்ணெயை 100 கிலோமீட்டரிலேயே வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினுப்பாகத் தூள் இருப்பது சகஜம், நகத்தில் எடுக்கிற மாதிரி செதில் இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இப்போதைக்கு ஹெட்டைக் கழற்றுங்கள். போரின் படம் ஒன்று, அந்த ஆறு அளவுகள், இரண்டையும் போடுங்கள். அதுவரை பிஸ்டன் வாங்க வேண்டாம்.